தையல் போட்டால் பருப்பு ஆகாதா?

கொரட்டூரில் உறவுக்காரப் பெண்ணுக்கு டம்மி டக் (தொங்கும் வயிற்றைச் சீராக்கும் ஆபரேஷன்) முடிந்த ஐந்தாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். நைட்டிக்கு மேல் அகலமான பெல்ட். அதில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட கைப்பிடியளவு பிளாஸ்டிக் குமிழ். உள்ளே இளஞ்சிவப்பு நீர். கட்டிலோரம் நாற்பது பக்க நோட்டு ஒன்று: ‘காலை 6 மணி 25 மி.லி., மாலை 6 மணி 20 மி.லி.’ தட்டில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். “பருப்பு போட்டா தையல்ல சீழ் வெச்சிடும்மா” என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

சர்ஜனின் வேலை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆறு வாரமும் வீட்டின் வேலை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறவர்கள் கூடவே ஒரு யோசனையும் கொண்டுவருகிறார்கள். அந்த யோசனைகளில் எது உதவும், எது கெடுக்கும்?

நம்பிக்கை 1: டம்மி டக் செய்தால் இருபது கிலோ குறையும்.

உண்மை: இது எடைக் குறைப்பு சிகிச்சையே இல்லை. தொப்புளுக்குக் கீழே தொங்கும் உபரித் தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் வெட்டி எடுத்து, விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைப்பார்கள். பலருக்கு இதில் போவது ஓரிரு கிலோதான். மூன்று வேறு சிகிச்சைகளை நாம் ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 ஏப்ரலில் பம்மலில் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் உயிரிழந்து, சுகாதாரத் துறை விசாரணைக்குப் போனது உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயதுக் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் இறந்தது கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின். டம்மி டக் இந்த இரண்டும் அல்ல; ஆனால் இதுவும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய ஆபரேஷன்தான், பியூட்டி பார்லர் சமாசாரம் இல்லை. எடையைக் குறைத்து, ஆறு மாதமாவது அது ஏறாமல் நின்ற பிறகே இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை 2: பிள்ளை பெற்றதும் துணியை இறுக்கிக் கட்டாததால்தான் வயிறு தொங்குகிறது.

உண்மை: துணி கட்டினால் இடுப்புக்குத் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இரு பக்கத் தசைகளும் விலகுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே நெருங்கிவிடும். சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகள் தசைக்குப் பலம் தரும். ஆனால் நார் அறுந்து விரிந்த தோலை எந்தப் பயிற்சியும் சுருக்காது. ஆக, வயிறு தொங்குவது சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல. அதற்காக ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்பதும் அல்ல.

நம்பிக்கை 3: சிசேரியன் செய்யும்போதே, அதே தையலில் டம்மி டக்கையும் முடித்துவிடலாம்.

உண்மை: தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். அதனால்தான் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு வருகிறது. பிரசவ நேரத்தில் கர்ப்பப்பை பெருத்திருக்கும், தோல் நீர் கோத்திருக்கும், ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். எவ்வளவு தோலை வெட்டலாம் என்று அப்போது கணக்கிடவே முடியாது. பால் குடி மறந்து, உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடமாவது வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் அதற்குப் பிறகு செய்வதே நல்லது. இல்லாவிட்டால் தைத்த தசை மறுபடி விரியும்.

நம்பிக்கை 4: பத்து நாள் படுக்கையை விட்டு எழவே கூடாது.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தானது இந்த நம்பிக்கைதான். அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. அதனால் ஆபரேஷன் நடந்த அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள். முதல் வாரம் கூன் விழுந்த பாட்டி மாதிரிதான் நடக்க வரும். நிமிர முயல வேண்டாம், தையல் இழுக்கும். படுக்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வையுங்கள்.

நடக்கலாம் என்றால் தூக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் குடிப்பது கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. ஆறு வாரத்துக்கு அதைத் தொடவே கூடாது. கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, உட்கார்ந்து கோலம் போடுவது எல்லாம் அதே கணக்குதான். கழிவறை இந்திய முறையில் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கமோட் நாற்காலி ஏற்பாடு செய்துவிடுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டுவதும், பின்னால் உட்கார்ந்து போவதும் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

நம்பிக்கை 5: பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும். தண்ணீர் குறைத்தால் புண் சீக்கிரம் ஆறும்.

உண்மை: சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அல்ல. புண் ஆற உடம்பு புதுத் திசு கட்ட வேண்டும், அதற்குச் செங்கல் புரதம்தான். ரசம் சாதத்தில் அது எங்கே இருக்கிறது? பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மலம் கட்டும். சில வலி மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். முக்கினால் அடிவாங்குவது உள்தையல். கொரட்டூர் வீட்டில் டிஸ்சார்ஜ் தாளை மாமியாரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னோம். ‘புரதம் அதிகம்’ என்ற வரியை இரண்டு தடவை படித்தார். அடுத்த முறை போனபோது நோட்டில் மில்லி கணக்குக்குக் கீழே அவர் கையெழுத்து: ‘முட்டை 2.’

நம்பிக்கை 6: பெல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு தட்டையாகும். டிரெயினை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

உண்மை: தோலைத் தசையிலிருந்து பிரித்த இடத்தில் நீர் சுரக்கும். அதை வெளியேற்றத்தான் பெல்ட்டில் தொங்கும் அந்தக் குமிழ், அதாவது டிரெயின். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பது பொதுவான வழக்கம். நோட்டுக் கணக்கு அதற்காகத்தான். எடுத்த பிறகும் நீர் கட்டலாம். வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பெல்ட் மூச்சு முட்டாத அளவில் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் வேர்வையோடு அதை அணிவது கொடுமைதான். உள்ளே பருத்திப் பனியன் போட்டு, இரண்டு பெல்ட் வைத்துத் துவைத்து மாற்றுங்கள்.

நம்பிக்கை 7: தழும்பே தெரியாது, இன்சூரன்ஸும் கிடைக்கும்.

உண்மை: ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை தழும்பு இருக்கும். உள்ளாடைக்குள் மறையும், நிறம் மங்க ஒரு வருடமாகும், முழுதாக மறையாது. நம் தோலில் சிலருக்கு அது மேடு தட்டும்; காதுகுத்திய இடத்தில் அப்படி வளர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகையிலை, சிகரெட் பழக்கம் இருந்தால் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து தோல் ஓரம் கறுத்துப்போகலாம். மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற மேற்படிப்பு முடித்தவரா, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு.

கடைசியாக, நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், தையல் ஓரம் கறுத்தால், நாற்றமடித்தால், ஒரு பக்கம் திடீரென்று உப்பினால் அன்றே மருத்துவமனை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், 108.