சட்டையில் குத்தும் கண்ணாடிச் சங்கிலி

பழம்பொருள் கடையில் வாங்கிய வட்டச் சிமிழ் இது. பின்புறம் ஊசி இருக்கிறது. இழுத்தால் மெல்லிய சங்கிலி வருகிறது. திரும்ப உள்ளே போகவில்லை. இது என்ன? சரிசெய்ய முடியுமா?

இது மூக்குக்கண்ணாடித் தாங்கி. காதில் மாட்டும் கம்பியின்றி மூக்கைக் கவ்வி நிற்கும் கண்ணாடிகள் புழங்கிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவை கீழே விழுந்து உடையாதிருக்க இதை உடையில் குத்திக்கொண்டார்கள். நியூயார்க்கின் கெட்சம் அண்ட் மெக்டூகல் நிறுவனம் இவற்றைத் தயாரித்தது. சிமிழுக்குள் சுருள்வில்லோடு இணைந்த சிறு உருளை உண்டு. சங்கிலியை இழுக்கையில் வில் முறுக்கேறும். விட்டதும் உருளையைத் திருப்பிச் சங்கிலியைச் சுருட்டும். அழுக்கு, சிக்கல், வில் முறிவு ஆகியவை இதை நிறுத்திவிடும். சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடலாம். வீட்டில் எண்ணெய் விட்டால் துணியில் கறை படியும். பழுது நீங்கியபின் சங்கிலியைப் பிடித்தபடி மெல்ல உள்ளே விட்டால் வில் நெடுநாள் உழைக்கும்.