மே மாதத்துக் கண்மாய்

அன்புள்ள தங்கைக்கு,

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரைபடம் போடப்போவதாக எழுதியிருந்தாய். செயற்கைக்கோள் படம் இலவசமாக எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சுருக்கம்தான். லேண்ட்சாட் படங்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் இருக்கின்றன. சென்டினல் வேண்டுமென்றால் ஐரோப்பியர்களின் கோபர்நிகஸ் பிரவுசர். நம் ரிசோர்ஸ்சாட்டுக்கு ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் (என்ஆர்எஸ்சி) பூநிதி. பெயரைப் பதிந்து கணக்குத் தொடங்கினால் போதும். 2008-க்கு முன்பு ஒரு லேண்ட்சாட் 7 படத்துக்கு 600 டாலர் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். கைக்கு வந்ததையெல்லாம் இறக்கி ஹார்ட் டிஸ்க்கை நிரப்பும் ஆசை கொஞ்சம் அடங்கும்.

நீ கேட்காமல் விட்டது, எந்தத் தேதிப் படம் என்பதை.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு மே மாதப் படத்தை எடுத்தேன். மேகம் ஒரு பொட்டு இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நீர் தெரிந்த இடத்தையெல்லாம் வளைத்துக் கோடு போட்டு, அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க கம்மாய எங்க தம்பி?" என்றார். கண்மாய் என்பது தண்ணீர் நிற்கக்கூடிய இடம். அன்றைக்கு நின்றதா என்பது வேறு சங்கதி. நான் கோடைக்குப் பிறகு எஞ்சிய குட்டைகளை வரைந்திருந்தேன். அந்தத் தாள் யாராவது ஆக்கிரமிப்பாளர் கையில் கிடைத்திருந்தால், உள்வாய் முழுவதும் தரிசு என்று காட்ட அதுவே போதும்.

ஆகவே முதலில் மழையைப் பார். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கண்மாய் நிறைவதும் அப்போதுதான், மேகம் மறைப்பதும் அப்போதுதான். வானம் வெளுத்து, தண்ணீர் இன்னும் வற்றாமல் இருக்கும் ஜனவரிதான் உனக்கான மாதம். அதிலும் ஆண்டு முக்கியம். 2021-இல் மழை கொட்டித் தீர்த்தது, 2016-இல் பொய்த்தது. 2022 ஜனவரிப் படத்தையும் 2017 ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஊர் என்று நம்பமாட்டாய். மழைக்கு நடுவிலேயே பார்க்கவேண்டுமென்றால் சென்டினல் 1 இருக்கிறது. ரேடார் என்பதால் மேகத்தைத் துளைக்கும். அசையாத நீர் அதில் கன்னங்கரேலென்று தெரியும்.

மேக அளவை 10 சதவீதத்துக்குக் கீழே வைத்துத் தேடாதே. அந்த எண் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமான கட்டம் முழுவதற்கும் போட்ட கணக்கு. கொடைக்கானல் மலைமேல் மேகம் குவிந்திருக்க, மேலூர் வெயிலில் பளபளக்கும் நாட்கள் நிறைய உண்டு. முன்னோட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்கு. சென்டினல் 2 படம் ஒன்று கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும். செல்போன் டேட்டாவில் வேலை செய்கிறாய் என்பது தெரியும்.

பிக்சலைச் சென்ட் கணக்கில் யோசித்துப் பழகு. சென்டினல் 2-இன் 10 மீட்டர் பிக்சல் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் என்றால் 22 சென்ட். கண்மாயின் நீர்ப்பரப்புக்கு இரண்டும் தாங்கும். தண்ணீர் திறந்துவிடும் மடையும் மிகுநீர் வழியும் கலுங்கும் இரண்டிலும் தெரியாது, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதி இடங்களில் தெரியாது. அவற்றுக்கு நடக்கத்தான் வேண்டும். ஆனால் லேண்ட்சாட்டை ஒதுக்கிவிடாதே. அந்த வரிசை 1972-இல் தொடங்கியது. சென்டினல் 2 வானத்துக்குப் போனதே 2015-இல்தான். லேண்ட்சாட் தேடலில் மதுரை வட்டாரத்துக்குப் பாதை 143, வரிசை 53. 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். கருவி ஒன்று பழுதானதன் தழும்பு அது, உன் கணினியில் கோளாறில்லை. இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால், அமெரிக்கா 1960 முதல் 1972 வரை உளவுக்கு எடுத்து 1995-இல் ரகசியம் நீக்கிய கொரோனா படங்களும் எர்த் எக்ஸ்புளோரரிலேயே கிடக்கின்றன. ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல் 2 படங்களின் எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால், பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்துப் போடும் நீர்க் குறியீடு சரிந்துவிடும். தண்ணீர் ஒரே இரவில் வற்றியதுபோல் இருக்கும். மெட்டாடேட்டாவில் 04.00 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பெண் இருந்தால் கழித்துவிட்டு வேலையைத் தொடங்கு. நீர்க் குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. ஆகாயத்தாமரை மூடிய கண்மாயை அது தோட்டம் என்று சொல்லும்.

இன்னொன்று: 78 பாகை தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. திண்டுக்கல் 43-ஆம் யூடிஎம் மண்டலம், மேலூர் 44. நாளைக்கு வேலை மேற்கே விரிந்தால் இரண்டு மண்டலப் படங்களும் கலந்து வரும்; க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டுப் பரப்பளவு எடு. சென்டினல் படமென்றால் வரைபடத்தின் மூலையில் கோபர்நிகஸ் சென்டினல் தரவு என்று ஆண்டோடு எழுது, அவர்கள் கேட்பது அவ்வளவுதான். கூகுள் எர்த்தைப் பார்த்துக் கோடு இழுத்துத் திறந்த வரைபடங்களில் ஏற்றாதே. பார்க்கக் காசில்லை என்பதால் அது உன் சொத்தாகிவிடாது.

இறக்குவதற்கு முன் நீ தேர்ந்த தேதிகளை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது ஜனவரிப் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்துக்கொண்டு போ. மேலே நீ போட்ட கோடு எதுவும் இருக்கவேண்டாம், படம் மட்டும். பேனாவை அந்த ஊர் நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் கையில் கொடு. அவர் முதலில் கலுங்கைத்தான் தேடுவார்.

அன்புடன்,
அண்ணன்