அவசரத்தில் ஆஸ்பத்திரி கைவிரித்தால்: தங்கவயல்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைன்ஸ் ஓடிய காலத்தில் கம்பெனித் தொழிலாளிக்கு ஏதாவது ஆனால் சாம்பியன் ரீஃப்ஸ் ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் அந்தத் தைரியமும் போயிற்று. இப்போது ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை, சில நர்சிங் ஹோம்கள். சிக்கல் பெரிதென்றால் கோலார், குப்பம், பெங்களூரு என்று ஓட்டம். வழியில் எந்த வாசலிலும் ‘இங்கே முடியாது’ என்று சொல்லிவிடலாம்.

முதலில் 108. ரேஷன் கார்டும் ஆதாரும் கைக்கெட்டினால் எடுங்கள். தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

உள்ளே போனதும் ரிசப்ஷனில் மல்லுக்கட்டாமல் டியூட்டி டாக்டரிடம் ‘துர்த்து கேஸ்’ (அவசர கேஸ்) என்று கன்னடத்திலேயே சொல்லுங்கள். அட்வான்ஸ் கட்டச் சொன்னால், கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் 2017 திருத்தப்படி அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். கே.பி.எம்.இ. சட்டம் என்று சுருக்கிச் சொன்னாலே நிர்வாகத்துக்குப் புரியும்.

‘போலீஸ் கேஸ், ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வாங்க’ என்பது 1989-லேயே செல்லாமல் போன சாக்கு. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உயிர் முதலில், சம்பிரதாயம் பிறகு, அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் இதே கடமைதான். அடிபட்டவரைத் தூக்கி வந்த வழிப்போக்கர் தம் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை.

‘பெட் இல்லை’ என்றால்? 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கியும் இடம் கிடைக்காமல், தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையைப் பறித்ததுதான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வைத்தது. நிதி இல்லை என்று அரசு நழுவவும் முடியாது என்றது. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஊர் நம்முடையது. இந்த வழக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

உண்மையிலேயே வசதி இல்லாத இடமாகவும் இருக்கலாம். அப்போதும் ரத்தத்தை நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, அனுப்பும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ரெஃபர் சீட்டில் நேரம், கொடுத்த மருந்து, அனுப்பும் காரணம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தொடவே மாட்டோம் என்றால், ‘அதையே எழுதிக் கொடுங்க’ என்று கேளுங்கள். பாதிப் பேர் இதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் நேரத்தையும் டாக்டர் பெயரையும் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள். சண்டையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றில் ஏமாற வேண்டாம்: முழு வைத்தியமும் இலவசம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. பி.பி.எல். கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா திட்டத்தைக் கேளுங்கள். சாலை விபத்தென்றால் 2025-ல் வந்த மத்தியத் திட்டத்தில், அதற்கென்று சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

புகாரை, தனியார் ஆஸ்பத்திரி என்றால் கோலார் டி.சி. தலைமையிலான மாவட்டக் குழுவுக்குக் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு. குப்பம் ஆந்திரா, கே.பி.எம்.இ. அங்கே செல்லாது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் செல்லும். மனுவைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்காமல் ஆபீஸை விட்டு வராதீர்கள்.