யாரை அழைத்து வருவது?

தமிழ்மொழிக் கழகத்தின் பேச்சரங்கத் தலைப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்றே நான்காம் படிவ மாணவர்களிடையே சலசலப்பு தொடங்கிவிட்டது. “மறைந்த காற்பந்து வீரர்களுள் ஒருவரை இன்றைய ஆடுகளத்துக்கு அழைத்து வரலாம் என்றால், யாரை அழைத்து வருவீர்?” பேச ஐந்து நிமிடம். அதன்பின் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள்.

ஓய்வு நேரம் முடிவதற்குள் பெலேவை ஒருவன் எடுத்துக்கொண்டான். மரடோனாவுக்கு இருவர் சண்டையிட்டார்கள். மொக்தார் டஹாரியை எடுக்க ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். பள்ளிப் பெண்கள் அணியின் கோல் காவலராக இருந்த மாணவி மட்டும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவளுக்குக் காற்பந்தின்மேலேயே அப்போது கோபம். முந்திய வாரம் நடந்த ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் மெதுவாக உருண்டு வந்த பந்து அவளுடைய கால்களுக்கிடையே புகுந்து வலைக்குள் போய்விட்டது. அணி ஒன்றுக்குச் சுழியம் எனத் தோற்றது. அடுத்த நாளே அவள் பயிற்றுநர் ஆசிரியரிடம் சென்று, இனித் தாக்குதல் ஆட்டக்காரராக விளையாட விரும்புவதாகச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை ஈப்போ, புந்தோங்கில் உள்ள வீட்டில் தாத்தா வாசலில் அமர்ந்து கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தார். பேத்தி தலைப்பைப் படித்துக் காட்டினாள்.

“நானும் மொக்தாரைத்தான் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், தாத்தா. நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல். 1975இல் லண்டனிலிருந்து வந்த ஆர்சனல் குழுவையே இரண்டு கோல் அடித்துத் தோற்கடித்தவர். 1991இல் நரம்பு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 37தான்.”

“எல்லாம் சரிதான். ஆனால், மொக்தாரை ஐந்து பேர் அழைக்கிறார்கள் என்றாயே. ஆறாவது ஆளாக நீ ஏன் அழைக்க வேண்டும்? நான் அழைத்தால் ஆறுமுகத்தைத்தான் அழைப்பேன்.”

பேத்திக்கு வியப்பாக இருந்தது. தாத்தா பிறவிப் பேராக்காரர். பேராக் அணி 1967இலும் 1970இலும் மலேசியக் கிண்ணம் வென்ற கதையை வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அடுத்த கிண்ணத்துக்காக 1998 வரை, அதாவது 28 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்ததையும் சொல்வார்கள். அந்தக் காத்திருப்புக் காலத்தில் பிற மாநிலங்களைத் தலைதூக்க விடாமல் செய்த அணி சிலாங்கூர். 1971 முதல் 1986 வரையிலான 16 ஆண்டுகளில் அவ்வணி 11 முறை கிண்ணத்தைத் தூக்கியது. ஆறுமுகம் அந்தச் சிலாங்கூர் அணியின் கோல் காவலர்!

“எதிரணிக்காரரையா, தாத்தா?”

“மாநிலக் கிண்ணத்தில்தான் எதிரணி. மஞ்சள் கறுப்புச் சட்டை போட்டு நாட்டுக்காக நின்றால் அவர் நம் ஆள்” என்றார் தாத்தா.

ரெங்கசாமி ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய கைகள் வழக்கத்தைவிட நீளமானவை. பந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கைகள் முன்னதாகவே அங்கே போய் நின்றதால், ரசிகர்கள் அவரைச் ‘சிலந்தி மனிதன்’ என்ற பொருளில் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வட கொரியாவை வென்று வெண்கலம் பெற்ற மலேசிய அணியில் அவர் இருந்தார். 1977இல் கோலாலம்பூரிலும் 1979இல் ஜகார்த்தாவிலும் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற அணிகளிலும் இருந்தார். சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார், ஆறுமுகம் என்று அந்த அணியின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும். நாட்டின் எல்லா இனத்தவரும் அதில் இருப்பது தெரியும்.

கோல் காவலர்களுக்குப் புகழ் குறைவாகவே கிடைக்கிறது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் தங்கப் பந்து விருதை இதுவரை வென்ற ஆண் கோல் காவலர் ஒருவரே: சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், 1963இல். கறுப்புச் சட்டை அணிந்து விளையாடிய அவரையும் உலகம் சிலந்தி என்றே அழைத்தது. ஒருவர் கறுப்புச் சிலந்தி, மற்றவர் சிலந்தி மனிதன். கோல் கம்பங்களுக்கு இடையே வலை பின்னுபவர்களுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

அந்த வேலை எளிதன்று. கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டி புள்ளி 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து அந்தத் தூரத்தை ஒரு வினாடியில் பாதிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். பந்தைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தால் தாமதமாகிவிடும். உதைப்பவரின் தோளையும் காலையும் பார்த்து, முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தவறினால் மறைக்க முடியாது. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டு ஒரு கோல் அடித்தால் அவரைத் தோளில் தூக்குவார்கள். கோல் காவலர் ஒன்பது பந்தைத் தடுத்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். இதைத் தாத்தா சொன்னபோது பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாள். “ஆனால், தாத்தா, அவரால் இன்றைக்கு விளையாட முடியுமா? 1992இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடக்கூடாது. இப்போதெல்லாம் கோல் காவலரும் பதினோராவது ஆட்டக்காரர்போலக் காலால் பந்தைக் கொடுத்து வாங்க வேண்டும். ஆறுமுகம் விளையாடிய காலத்தில் அப்படி இல்லையே.”

தாத்தா சற்று யோசித்தார். இந்த மாற்றத்தை அவர் அவ்வளவாகக் கவனித்திருக்கவில்லை. “காலால் கொடுப்பதைப் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். நீ கற்றுக்கொள்ளவில்லையா? எட்டாத பந்தை எட்டுவதை யார் கற்றுத் தருவார்?” என்றார். பேத்திக்கு அந்தப் பதில் முழு நிறைவைத் தரவில்லை. இருந்தாலும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆறுமுகத்தைப் பற்றிப் பேசும் எவரும் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாளைத் தவிர்க்க முடியாது. அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை எதிர்கொண்டது. வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். மலேசியா இரண்டுக்கு ஒன்று என வென்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலாக்கினார். ஆனால், அந்த அணி ஒலிம்பிக் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, மலேசியாவும் புறக்கணித்தது. மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போயிற்று. யாஷின் பிறந்த நாட்டில் நம் சிலந்தி மனிதன் கோல் கம்பங்களுக்கிடையே நிற்கும் வாய்ப்பு, ஆடுகளத்தில் எந்தத் தவறும் நடக்காமலேயே பறிபோனது. 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் இந்த அணியின் கதையைத் தழுவியது. அதில் வரும் முத்து என்னும் கோல் காவலரைப் பார்த்தவர்கள் ஆறுமுகத்தை நினைத்துக்கொண்டார்கள். இருப்பினும் திரைப்படம் வேறு, வரலாறு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. இளம் கோல் காவலர்களுக்குத் தம் வித்தையைச் சொல்லித்தர வேண்டிய வயது அது.

மறு ஞாயிற்றுக்கிழமை தாத்தா பேத்தியை அழைத்துக்கொண்டு சுங்கை சிப்புட் வட்டாரத்திற்குப் போனார். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது பால்மரங்கள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் புதர். கோயில் மட்டும் நின்றது. கோயிலுக்கு எதிரே இருந்த ஒரு சமதரையைத் தாத்தா காட்டினார். அங்கேயும் நான்கு வரிசை செம்பனை நின்றது.

“இதுதான் திடல். அதோ, அந்த மூன்றாவது மரம் இருக்கும் இடத்தில்தான் நான் நிற்பேன்.”

“நீங்கள் கோல் காவலரா?” பேத்தி இதுவரை கேள்விப்பட்டதில்லை.

விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டால், மாலையில் திடல். அதுதான் அந்நாளைய தோட்டத்து வாழ்க்கை. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் கிராணி முதல் தண்டல் வரை எல்லாரும் கோட்டோரம் நிற்பார்கள். தாத்தா வெறுங்கையோடு பந்து பிடித்தவர். மரம் சீவிக் காய்த்த கை என்பதால் வலிக்காது என்று சிரித்தார். 1969ஆம் ஆண்டு ஈப்போவில் ஆட்டக்காரர் தேர்வு ஒன்றுக்கு அவரையும் வரச் சொன்னார்கள். தேர்வு ஒரு புதன்கிழமை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வீட்டில் தம்பி தங்கைகள் நான்கு பேர். அவர் போகவில்லை.

“உங்களுக்குப் பதிலாக யார் போனார்?”

“என் கூட்டாளி ஒருவன் போனான். அவனையும் எடுக்கவில்லை” என்று தாத்தா மீண்டும் சிரித்தார். “நான் போயிருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். போய்ப் பார்த்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும்.”

சுதந்திரத்திற்குப் பிறகு பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்க, இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அப்படியும் தப்பாத தோட்டங்கள் பல. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். குடும்பங்களைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. காணாமற்போன திடல்களை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேராக் அணி 2018இல் மீண்டும் மலேசியக் கிண்ணம் வென்றபோது அதில் கென்னி பால்ராஜ் போன்ற இளைஞர்கள் இருந்தார்கள். ஆனால், முன்புபோல் தேசிய அணிப் பட்டியலில் நம் பெயர்களைத் தேடாமலேயே காணும் காலம் போய்விட்டது.

பேச்சரங்க நாளில் அவள் ஐந்தாவதாகப் பேசினாள். ஆறுமுகத்தின் நீண்ட கைகளையும், மாஸ்கோ போகாத அணியையும், செம்பனைக்கடியில் கிடக்கும் திடலையும் சொன்னாள். “ஆறுமுகத்தை அழைத்து வந்தால் மட்டும் போதாது. அவருக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் விளையாட ஓர் இடமும் வேண்டும்” என்றபோது மணி அடித்துவிட்டது. பரிசு, பெலேவை அழைத்து வந்த மாணவனுக்குக் கிடைத்தது. அவன் உண்மையிலேயே நன்றாகத்தான் பேசினான்.

நடுவர்களுள் ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி அவையைச் சிரிக்க வைத்தது. “ஆறுமுகம் உங்கள் பள்ளிக்கே வந்துவிட்டால் கோல் காவலராக அவர்தான் நிற்பார். நீ என்ன செய்வாய்?”

“மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்ந்து அவருடைய கால்களைப் பார்ப்பேன், ஐயா. கைகளை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பாய்வதற்கு முன்னால் கால்களை எங்கே வைத்தார் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.”

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது பயிற்றுநர் ஆசிரியர் அவளை நிறுத்தினார். திங்கட்கிழமைப் பயிற்சிக்குத் தாக்குதல் ஆட்டக்காரருக்கான ஒன்பதாம் எண் சட்டையை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

“அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், ஐயா. என் கையுறை வீட்டில் இருக்கிறது” என்றாள் அவள்.