கண்ணாடி மேல ஒரு செல் சவ்வு

பயாலஜியை பத்தாவதோட மூட்டை கட்டினவங்களும் இதைத் தைரியமா படிக்கலாம்.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அதுக்கு அடிப்படை லிப்பிட் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணியை விரும்பும் ஒரு தலை, தண்ணியை வெறுக்கும் ரெண்டு வால். தண்ணியில விட்டா, வால்களை உள்ளே மறைச்சு, தலைகளை வெளியே காட்டி, தானாவே ரெண்டு அடுக்கா சேர்ந்துக்கும். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 2 லட்சம் சவ்வை அடுக்கினா 1 மில்லிமீட்டர்!

உயிருள்ள செல்லுக்குள்ள ஒரே நேரத்துல ஆயிரம் வேலை நடக்கும். சவ்வுல நடக்கிற ஒன்றை மட்டும் அளக்கணும்னா, சவ்வை மட்டும் செஞ்சு கண்ணாடி மேல விரிக்கிறது ஒரு வழி. 1985-ல் டாம், மெக்கானெல் என்ற இருவர் இதைச் செஞ்சு காட்டினாங்க. இன்னைக்கு பல லேப்கள்ல நடக்கிற எளிய முறை இது:

1. குளோரோஃபார்ம்ல கரைச்ச லிப்பிடை நைட்ரஜன் ஊதி உலர்த்தணும். குடுவைச் சுவர்ல மெல்லிய படலம் நிக்கும்.

2. பஃபர் ஊத்திக் கலக்கினா படலம் உரிஞ்சு குட்டிக் குட்டி உருண்டைகளாகும். பேரு வெசிகிள். இதை 100 நானோமீட்டர் துளை உள்ள ஃபில்டர் வழியா பலமுறை தள்ளினா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவாகும்.

3. சுத்தமான கண்ணாடி மேல விடணும். வெசிகிள்கள் ஒட்டி, நெருக்கி, உடைஞ்சு, ஒரே விரிப்பா பரவும். மிச்சத்தைக் கழுவிடணும்.

எங்க ஊர் தா.பழூர் பக்கம் பரம்படிச்சு வயலைச் சமப்படுத்தாம நாத்து நடமாட்டாங்க. மேடு இருந்தா அங்க தண்ணி நிக்காது. கண்ணாடியும் அப்படித்தான். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் சவ்வுல ஓட்டை விழும். விரிச்ச பிறகு தண்ணியை விட்டு வெளியே எடுத்தா சவ்வு உரிஞ்சு போயிடும்.

சரியா விரிஞ்ச சவ்வுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 1 முதல் 2 நானோமீட்டர் தண்ணி இருக்கும். அதனால லிப்பிடுகள் வழுக்கி நகர முடியும். நகருதான்னு எப்படிப் பார்ப்பது? ஒளிரும் சாயம் சேர்த்த லிப்பிடைக் கொஞ்சம் கலந்து, ஒரு புள்ளியில லேசர் அடிச்சு அந்த ஒளியை அணைக்கணும். பக்கத்து லிப்பிடுகள் உள்ளே வந்து இருட்டை நிரப்பினா சவ்வு நகருதுன்னு அர்த்தம். இருட்டு அப்படியே நின்னா, எங்கேயோ ஒட்டிக்கிச்சு.

இந்த நகர்வு ஏன் அவ்வளவு முக்கியம்? காலராவை எடுத்துக்குவோம். காலரா கிருமி வெளிவிடும் நஞ்சுதான் வயிற்றுப்போக்குக்குக் காரணம்னு 1959-ல் முயல் குடல்ல நிரூபிச்சவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. அந்த நஞ்சுக்கு அஞ்சு கை. குடல் செல்லோட சவ்வுல ஜிஎம்1 என்ற லிப்பிடைத்தான் அது பிடிக்கும். முதல் கை ஒன்றைப் பிடிச்சதும், மத்த ஜிஎம்1-கள் நகர்ந்து பக்கத்துல வந்தாத்தான் மீதிக் கைகளும் பிடிக்கும். பிடி பலமடங்கு இறுகும். கண்ணாடிச் சவ்வுல ஜிஎம்1 கலந்தா இதையே லேப்ல அளக்கலாம். நஞ்சைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் செய்யலாம். சவ்வு உறைஞ்சு கிடந்தா, பிடியோட பலத்தைத் தப்பா கணக்குப் போடுவோம்.

அதனால, அடுத்த தடவை பயோசென்சர் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது, நஞ்சு எவ்வளவு ஒட்டுச்சுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, சவ்வு நகருதான்னு சோதிச்சாங்களான்னு தேடுங்க.