ரிமோட் டெஸ்க்டாப்: சிஸ்டம் கோப்பில் கைவைக்காதீர்கள்!

விண்டோஸ் 10, 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். பலரை அனுமதிக்க ‘டெர்ம்எஸ்ஆர்வி.டிஎல்எல்’ என்ற சிஸ்டம் கோப்பைத் திருத்தும் முன் யோசியுங்கள்.

• திருத்திய கோப்பில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. இப்படித் திருத்துவது உரிம விதிமீறலும்கூட.

• அடுத்த அப்டேட்டில் திருத்தம் அழியலாம். ரிமோட் இணைப்பே நின்றுபோகலாம்.

• கோப்பைத் திருத்த, கண்ட இடத்தில் இறக்கிய பேட்ச்சுக்கு அட்மின் அனுமதி கொடுத்தால், அதில் ஒளிந்திருக்கும் வைரஸுக்கும் அதே அனுமதிதான்.

• ஏற்கெனவே திருத்திவிட்டீர்களா? அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓடவிடுங்கள். பெரும்பாலும் அசல் கோப்பு திரும்பிவிடும்.

• பலர் வேலை செய்ய வேண்டுமா? விண்டோஸ் சர்வர் வாங்குங்கள். அதில் நிர்வாகப் பணிக்கு 2 இணைப்புகள் உண்டு. மற்றவர்களுக்குத் தனி உரிமம் வேண்டும்.