கல்முனைச் சபையின் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

திடப்படுத்தல் வகுப்பை முடித்துவிட்டு, ஞாயிறு பாடசாலையிலும் வாலிபர் சங்கத்திலும் நோயாளர் சந்திப்பிலும் வேலை தொடங்கப்போகும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் வாழப்போவது கொழும்பிலும் இல்லை, வேதக்கோயில்கள் நெருங்கி நிற்கும் நீர்கொழும்பிலும் இல்லை. பெரியநீலாவணையில் பஸ் ஏறி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று போனால், ஒரு ஊரில் பள்ளிவாசலும் அடுத்த ஊரில் அம்மன் கோயிலும் மாறிமாறி வரும். வேதக்கோயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்தக் கரையில் நாங்கள் மிகச் சிலர். அந்தச் சிறுமையை ஒரு குறையாக நினைக்காமல் எப்படி வாழ்வது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1. முதலில் வாங்கப் பழகுங்கள்.

கொடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் உங்களுக்குப் போதிப்பார்கள். நான் வாங்கச் சொல்கிறேன். லூக்கா 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் தம்முடைய ஆட்களை ஊர் ஊராக அனுப்புகிறபோது கையில் பணப்பையோ பாதரட்சையோ கொடுத்து அனுப்பவில்லை. போகிற வீட்டில் தங்கி, முன்னால் வைக்கிறதைச் சாப்பிடச் சொன்னார். அவரும் அப்படித்தான் இருந்தார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அடுத்தவனுடைய படகில் உட்கார்ந்து போதித்தார். எருசலேமுக்குள் போன கழுதைக்குட்டி இரவல், அவரை வைத்த கல்லறையும் இன்னொருவருடையது. தேவகுமாரனே கை நீட்டி வாங்கியிருக்க, கொடுக்கிறவராக மட்டும் இருக்க ஆசைப்படுகிறவரின் மனதில் எங்கேயோ ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது.

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு ராத்தா கஞ்சியைச் சின்ன வாளியில் ஊற்றிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால், வாசலில் நின்று நன்றி சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். குடியுங்கள். ருசியாக இருந்தது என்று அடுத்த நாள் சொல்லுங்கள். நோன்பு துறக்க வீட்டுக்குக் கூப்பிட்டால் நேரத்துக்குப் போங்கள். பாங்கு சொல்லும் வரை அவர்களோடு காத்திருங்கள். பேரீச்சம்பழத்தை அவர்கள் எடுத்த பிறகு எடுங்கள். பெருநாள் வட்டிலப்பத்தை உங்கள் வீட்டு மேசையில் வைத்துக் குடும்பமாகச் சாப்பிடுங்கள்.

நத்தாருக்கு நீங்கள் கொடுக்கும்போது, அவர்கள் யோசிக்காமல் வாயில் வைக்கக்கூடியதாகக் கொடுங்கள். கேக்கில் பிராந்தியோ வைனோ சேர்க்க வேண்டாம். கறி கொடுப்பதென்றால் ஹலால் கடையில் இறைச்சி வாங்கி, அதை அவர்களிடம் சொல்லியே கொடுங்கள். பன்றி இறைச்சி சமைத்த சட்டியில் அவர்களுக்கென்று எதையும் சமைக்க வேண்டாம். கேட்டால் பொய் சொல்லலாம் என்ற எண்ணம் கனவிலும் வரக்கூடாது. ஒருவருடைய வாயையும் மனச்சாட்சியையும் மதிப்பதைவிடக் கூடுதலான பட்சம் எனக்குத் தெரியாது.

2. நிவாரணப் பொதிக்குள் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள், போயா தினமும்கூட. அந்தக் காலையில் கடல் இந்தக் கரைக்குள் ஏறியது. நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையில் நெசவு செய்தவர்கள், கல்முனைக்குடியில் கரையோரம் இருந்தவர்கள், பாண்டிருப்பில் மீன் பிடித்தவர்கள் எல்லாரையும் ஒரே அலைதான் எடுத்தது. பாடசாலை, பள்ளிவாசல், கோயில் என்று எங்கே கூரை இருந்ததோ அங்கே சனம் கிடந்தது. சோற்றுப் பார்சலைக் கட்டிய கை எந்தச் சமயத்துக் கை என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி பிறகுதான் வந்தது. வெளியிலிருந்து வந்த சில குழுக்கள் அரிசியோடும் போர்வையோடும் சுவிசேஷப் பத்திரிகையையும் நீட்டினார்கள். பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் நாடாளுமன்றம் வரை போயிருந்த ஆண்டு அது. சந்தேகம் ஏற்கெனவே கனன்று கொண்டிருந்தது. அந்தப் பத்திரிகைகள் அதில் எண்ணெய் வார்த்தன. இரவு பகலாகச் சனத்தோடு நின்ற உள்ளூர்ப் போதகர்களும் அருட்சகோதரிகளும்கூட அதற்குப் பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்ற பார்வையைச் சந்திக்க வேண்டியிருந்தது.

பிள்ளையை இழந்து நிற்கும் தாயிடம் போர்வையை நீட்டினால் போர்வையை மட்டும் நீட்டுங்கள். உங்களை ஏன் கிறிஸ்தவர் என்கிறார்கள் என்று அவளாகக் கேட்டால், அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். பசியில் இருப்பவரிடம் விசுவாசத்தைப் பேரம் பேசுவது பாவம். இதில் நான் இரண்டு மனம் வைக்கமாட்டேன்.

3. விளைச்சல் உங்கள் களஞ்சியத்துக்கே வர வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே, கப்பலில், மனைவி இறந்துபோனார். அந்த மிஷனரிகளை அழைத்துவந்த தலைவர் தோமஸ் கோக்கும் கடலிலேயே காலமானார். தனியாக வந்து இறங்கிய ஓல்ட் தமிழ் படித்தார், பாடசாலைகள் தொடக்கினார், 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். இந்த மண்ணில் அவர் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் போட்ட அத்திவாரம்.

அந்த மிஷன் பாடசாலைகளின் வழியில் பின்னாளில் கல்முனையிலும் பாடசாலை வந்தது. அதில் படித்த காரைதீவுப் பிள்ளை ஒருவர், 1892இல் பிறந்தவர், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் இயேசு சபைக் குருமாரிடமும் படித்தார். வளர்ந்து இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். கிழக்கில் இந்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை வளர்த்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் யாழ் நூலைத் தந்துவிட்டுக் கண்மூடினார். சுவாமி விபுலாநந்தர்.

மிஷன் தோற்றுப்போனதற்கு இதை உதாரணமாகச் சொல்கிற கிறிஸ்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கணக்குப் பிடிப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவைக் கொடுத்தோம். அந்தப் பிள்ளை தன் மனச்சாட்சிப்படி நடந்து தமிழுக்கே சொத்தானான். இன்றைக்குக் கல்முனையின் உவெஸ்லி, கார்மேல் பற்றிமாப் பாடசாலைகளில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். அவர்களில் யார் எதுவாக வருவார்கள் என்பதை ஆண்டவரிடம் விட்டுவிட்டு நன்றாகப் படிப்பியுங்கள்.

4. முதல் வருடம் ஒலிவாங்கியைக் கேட்காதீர்கள்.

கோயிலைக் கூட்டுங்கள். கதிரை அடுக்குங்கள். தேத்தண்ணீர்க் கோப்பை கழுவுங்கள். பாங்கு கேட்கும் நேரத்தில் எங்கள் ஒலிபெருக்கியை நிறுத்தும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பயம் வரும்போது பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் பலர் குண்டுக்கு இரையானார்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, அந்தத் தாக்குதலை நடத்திய அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் சாய்ந்தமருதில் சுற்றிவளைக்கப்பட்டபோது குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். அங்கும் இறந்தவர்களில் சிறு பிள்ளைகள். கல்முனையில் அன்றிரவு யார் தூங்கினார்கள்?

அந்த நாட்களில் எங்கள் சபையில் பயம் இருந்தது. அபாயா போட்ட பெண் பஸ்ஸில் ஏறினால் பையைப் பார்க்கும் பயம். அதைவிடப் பெரிய பயம் எங்கள் முஸ்லிம் அயலாருடைய வீடுகளில் இருந்தது என்பதை எங்களில் பலர் கவனிக்கவில்லை. சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கியபோது தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கலாம்; குடிமக்களாக அதைச் சொல்லுங்கள். ஆனால் பிரசங்க மேடைக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

கடவுளை நம்புவது என்றால் எங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று நம்புவது என்று சிலர் படிப்பிக்கிறார்கள். சீயோனில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? எங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். வலையின் மடி தூரத்தில், தண்ணீருக்குள். அதில் என்ன இருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் கயிற்றை விடுவதில்லை. எனக்குத் தெரிந்த நம்பிக்கை அப்படிப்பட்டது. பயத்தோடேயே கதவைத் திறந்து, எதிர்வீட்டுக் காக்காவிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வைக்கிற நம்பிக்கை.

6. பழைய கணக்கைப் புரட்டுபவரோடு சேர்ந்து புரட்டாதீர்கள்.

1990 ஓகஸ்ட் மாதத்தை இந்தக் கிழக்கில் ஒருவரும் மறக்கவில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சிறுவர்களும் உட்பட. 12ஆம் திகதி வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழர் ஒரு பட்டியலும் முஸ்லிம்கள் இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூட முயல்பவரோடு நிற்காதீர்கள்.

15ஆம் திகதி, மரியாளின் விண்ணேற்புத் திருநாளில், அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தன்னுடைய ஸ்கூட்டரில் புறப்பட்டார். அமெரிக்க இயேசு சபைக் குரு. மிக்கேல் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர், பிள்ளைகளைக் கூடைப்பந்தில் பழக்கியவர். வன்முறையில் சிக்கியிருந்த கன்னியருக்கும் அகதிகளுக்கும் உதவத்தான் வாழைச்சேனைக்குப் போயிருந்தார். கூட வந்தது ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வீடு சேரவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை.

அவரைப்போலவே 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் அருட்தந்தை பென் மில்லர். நண்பர் காணாமற்போன பிறகும் அவர் மட்டக்களப்பை விட்டுப் போகவில்லை. சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் சொல்வதைக் கேட்டுக் குறித்துவைத்தார். 2019இல் இங்கேயே கண்மூடி, இந்த மண்ணிலேயே அடக்கமானார். பழிக்கணக்கு வைக்க அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வந்த தாய் யார், எந்தப் பக்கம் என்று கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார். உங்களில் எழுத்தில் கெட்டியான பிள்ளைகள் அவரைப் பற்றிப் படியுங்கள்.

7. அயலாருடைய துக்கத்துக்காகப் பேசுங்கள்.

2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டளை போட்டது. மையித்தைக் குளிப்பாட்டவும் இல்லை, தொழுவிக்கவும் இல்லை, அடக்கவும் இல்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன சிசு ஒன்றும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டிய மனிதர்களுக்குள் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். கிறிஸ்தவக் குருமார் சிலரும் அந்தக் கட்டளைக்கு எதிராகப் பேசினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அரசு இறங்கிவந்தது. மார்ச் மாதத்திலிருந்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்தார்கள்.

வெறுமையான கல்லறையைப் பற்றிய செய்தியில் தொடங்கிய சமயம் எங்களுடையது. ஒரு உடலை மரியாதையோடு மண்ணில் வைப்பது என்ன என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது எங்கள் கரையில் பேசிய கிறிஸ்தவர்கள் போதாது. இன்னொரு முறை இப்படி வந்தால் முதலாவதாகப் பேசுகிறவர்கள் நீங்களாக இருங்கள். முஸ்லிம்களுக்காக ஒரு முஸ்லிம் பேசுவதைவிட ஒரு கிறிஸ்தவன் பேசுவதை அதிகாரிகள் சில நேரம் கூடுதலாகக் கேட்பார்கள். அந்த வாய்ப்பு உங்கள் கையில் இருக்கும்போது சும்மா இருப்பது ஆண்டவருக்குப் பிரியமாயிராது.

8. வைத்தியசாலைக்குப் போகும்போது.

அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போனாலும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும், எங்கள் சபை ஆளைப் பார்த்துவிட்டு நேரே திரும்ப வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லாமல் கிடப்பவருக்குச் சுடுதண்ணீர் வேண்டுமா, வீட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். சத்தமாக ஜெபிக்காதீர்கள், மற்ற நோயாளர் தூங்கட்டும். ஒருவர் தனக்காக ஜெபிக்கச் சொன்னால் கையைப் பிடித்து இரண்டு வசனத்தில் ஜெபியுங்கள். கேட்காதவருக்காக வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள். ஒரு முஸ்லிம் நோயாளருடைய ஆட்கள் துஆ ஓதிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று, முடியும் வரை பொறுங்கள். பிறகு சலாம் சொல்லிவிட்டு, கொண்டுபோன தோடம்பழத்தைக் கொடுங்கள். அவர்கள் உங்களுக்கு ஏதும் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.